இரண்டு வாரம் என்ற பதில்

இஸ்க்ரா பென்கோவா 1952இல், பல்கேரியாவில் டான்யூப் கரையிலுள்ள லோம் நகரில் பிறந்தார். பள்ளியில் பதினாறு ஆண்டுகள் ரஷ்ய மொழி கற்பித்தார். 1991இல் அதைப் படிக்க ஆளில்லாமற்போகவே, மாலை நேரப் பயிற்சியில் ஆங்கிலம் கற்று, ஆங்கில ஆசிரியையானார். கணவர் கமென் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். ஒரே மகள் ரலிட்சா தாயின் வகுப்பிலேயே படித்தாள்.

பாடநூலில் விமான நிலைய உரையாடல் ஒன்று இருந்தது. ஒருவர் அதிகாரி, மற்றவர் பயணி. "எவ்வளவு காலம் தங்குவீர்கள்?" "இரண்டு வாரங்கள்." அந்த மொட்டைப் பதில் இஸ்க்ராவுக்குப் போதவில்லை.

"இன்னொரு வாக்கியம் சேத்துச் சொல்லு. கேக்கறவன் நம்பணும்."

ரலிட்சா சேர்த்தாள்: "இரண்டு வாரங்கள். என் தந்தை வீட்டில் காத்திருக்கிறார்."

பின்வரிசையிலிருந்து போய்கோ குரல் கொடுத்தான்: "டீச்சர், இங்கிலீஷ் சொல்லித் தர்றீங்களா, புளுகச் சொல்லித் தர்றீங்களா? இந்த ஊர்லருந்து போனவன் எவன் ரெண்டு வாரத்துல திரும்பினான்?"

"உன் உச்சரிப்பைக் கேட்டா உன்னை விமானத்துலயே ஏத்த மாட்டாங்க. உட்காருடா."

வகுப்பு சிரித்தது. இஸ்க்ராவும் சிரித்தார்.

2001இல் ரலிட்சா லண்டன் போவதற்கான விசா நேர்காணலுக்காகத் தாயும் மகளும் சமையலறையில் அதே உரையாடலை ஒத்திகை பார்த்தார்கள். ஆங்கிலம் அறியாத கமென் ரொட்டியைப் பிட்டபடியே கேட்டார்:

"என்னைப் பார்த்துப் பார்த்துப் பேசுறாளே, என்ன சொல்றா?"

"அப்பா வீட்ல காத்திருக்காருன்னு."

"சரியாத்தான் சொல்றா. காத்திருப்பேன்."

விசா கிடைத்தது. ஜூலையில் அவள் புறப்பட்டபோது, பயணம் தடையின்றி ஓடவேண்டுமென்று, வழக்கப்படி இஸ்க்ரா வாசற்படியில் நீர் ஊற்றினார். "இன்னும் ஊத்து, லண்டன் வரைக்கும் ஓடட்டும்" என்றார் கமென்.

இரண்டு வாரம் கழிந்தது, மகள் வரவில்லை. ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்திருந்தது. விசா காலாவதியாயிற்று.

2005 ஜனவரியில் கமெனுக்கு நுரையீரலில் புற்று என்று தெரிந்தது. தொலைபேசியில் ரலிட்சா அழுதாள்: "இப்ப வெளியே வந்தா மறுபடி உள்ள விட மாட்டாங்கம்மா. கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லு."

கமென் மனைவியைக் கூப்பிட்டார். "அந்த ஒரு வரி இருக்கே, அதை எனக்கும் சொல்லிக் குடு."

இஸ்க்ரா சொல்லிக்கொடுத்தார். அவருடைய மாணவர்களில் இவ்வளவு மெதுவாகக் கற்றவர் வேறெவருமில்லை. மூச்சிரைக்க, கமென் தொலைபேசியில் ஆங்கிலத்தில் சொன்னார்: "நான் வீட்டில் காத்திருக்கிறேன்."

பிப்ரவரியில் அவர் இறந்தார்.

2007இல் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது, எல்லை திறந்தது. ரலிட்சா வந்தாள். வாசற்கதவில் ஒட்டியிருந்த இரங்கல் தாளில் அப்பாவின் படம் வெயிலில் வெளுத்திருந்தது. அவள் அதன்மேல் கைவைத்து நின்றாள்.

"எவ்வளவு நாள் இருப்பே?" என்று கேட்டார் இஸ்க்ரா.

"ரெண்டு வாரம்மா."

இம்முறை அவள் சொன்ன நாளிலேயே திரும்பிப் போனாள். இஸ்க்ரா வாசலில் நீர் ஊற்றவில்லை.

கமென் காத்திருந்த காலம்: மூன்று ஆண்டுகள், ஏழு மாதங்கள்.