கால் ஊன்றாத ஏற்றம்

பாத்திரக்கடைச் சிதம்பரநாதன் ஏமாற்றுக்காரர் என்று பதுளைக் கடைத்தெருவில் யாராவது சொன்னால், சொன்னவர் வாயிலேயே போடுவார்கள். அப்படிப்பட்ட மனிதர். தாத்தா புதுக்கோட்டைப் பக்கமிருந்து இலங்கைக்குக் கப்பலேறி வந்து போட்ட கடை. தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்குக் கல்யாணமோ பொங்கலோ, அண்டாவும் குண்டானும் வாங்க அங்கேதான் வருவார்கள். போன வருடம் வாங்கிய குடத்தில் ஓட்டை என்று தூக்கிக்கொண்டு வந்தாலும் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுப்பார். அந்த மனிதர்தான் நாற்பத்தேழு வயதில் தேயிலைக் கொழுந்து ஏற்றும் ஒரு லொறியின் பின்னால் போய்த் தன் மானத்தை விட்டுவிட்டு வந்தார். இதை எங்கே போய்ச் சொல்லி அழுவது?

சைக்கிள் ஆசையெல்லாம் அவருக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இரத்தத்தில் சீனி ஏறி, சீனி வருத்தம் வந்தது. நடக்க வேண்டும், இல்லையென்றால் சைக்கிள் ஓட்ட வேண்டும் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நடந்தால் வழியில் பத்துப் பேர் நிறுத்திக் குத்துவிளக்கு என்ன விலை என்று கேட்பார்கள். ஆகவே சைக்கிள். அது வீட்டுக்கு வந்த அன்று மனைவி விஜயலெட்சுமி அவருடைய வயிற்றைப் பார்த்தாள், பிறகு சைக்கிளைப் பார்த்தாள்.

"பாவங்க," என்றாள்.

"யாரு, நானா?"

"சைக்கிளைச் சொன்னேன்."

அந்தச் சைக்கிளோடுதான் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பஸ் நிலையத்துக்கு முன்னால் கூடும் மலைச் சைக்கிள் கழகத்தில் போய் நின்றார். பெயர்தான் கழகம். வந்திருந்தவர்கள் நாலே பேர். தலைவர் ஹாஷிம் சேர், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், ஈர்க்குச்சி மாதிரி உடம்பு. ஆஸ்பத்திரித் தாதி ரிஸ்கா, இரவு வேலை முடித்து நேராக வந்து நிற்பாள். பையில் எப்போதும் பேரீச்சம்பழம் இருக்கும். ஓட்டோ ஓட்டும் ரமேஸ், வாய் மூடினால் நோய் வந்துவிடும் என்று நினைப்பவன். நாலாவது ஆள் பிரஷாந்தினி. கொஸ்லந்தப் பக்கத்துப் பெண், இருபத்திரண்டு வயது. மீரியபெத்தையில் மண்சரிவில் வீடு போன குடும்பம். பதுளையில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டு அறையெடுத்துத் தங்கியிருந்தாள். அவளுடைய சைக்கிள் இரண்டு பழைய சைக்கிள்களைக் கழற்றி ஹாஷிம் சேர் ஒன்றாகப் பூட்டியது. அதில் ஏறி அவள் மலையேறுவதைப் பார்த்தால் சைக்கிள்தான் அவளுக்குப் பயந்துகொண்டு ஓடுகிறது என்று தோன்றும்.

முதல் நாள் சிதம்பரநாதன் ஹாலிஎலை வரைகூடப் போகவில்லை. வழியில் இறங்கி மதகில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்குகிறது, வியர்வை கொட்டுகிறது, ஒரு பஸ்காரன் வேறு ஹோர்ன் அடித்துச் சிரித்துவிட்டுப் போனான். முன்னால் போயிருந்த பிரஷாந்தினி திரும்பி வந்தாள்.

"மூச்சை வாயால எடுக்காதீங்கண்ணே. மெதுவா வாங்க, நான் கூட வர்றேன்."

கடையில் அவர் முதலாளி. கோயிலில் தலைவர். அண்ணே என்று இப்படி வெறுமனே, எதையும் எதிர்பாராமல் அவரை யாரும் கூப்பிட்டதில்லை. அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் மனம் விழுந்தவர்தான். அதன் பிறகு ஒரு ஞாயிறும் தவறவில்லை. ரமேஸ் அவரை 'குண்டான் அண்ணே' என்று கேலி செய்வான். அதற்கும் வாயெல்லாம் பல்லாகச் சிரிப்பார். சீனியும் குறைந்தது. இந்த நாலு பேரும் தன்னை நல்லவன் என்று நினைக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது.

கழகத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. வருடத்தில் ஒரே ஒரு தடவை, ஒக்டோபரில், ஹல்துமுல்லையில் தொடங்கிப் பெரகலைச் சந்தியில் திரும்பி ஹப்புத்தளை வரை ஏற வேண்டும். எவ்வளவு மெதுவாகவும் போகலாம். கால் தரையில் படக் கூடாது. காவலுக்கு ஆள் கிடையாது. மேலே போனதும் ஹாஷிம் சேர் ஒவ்வொருவரையும், "கால் ஊனினீங்களா?" என்று கேட்பார். இல்லை என்று சொன்னால் சிவப்பு ஜேர்சி கிடைக்கும். நம்முடைய வாய்ச் சொல்தான் சாட்சி. டிசம்பரில் மொனராகலையில் நடக்கும் மாகாணப் போட்டிக்குக் கழகத்தின் சார்பில் போவதானால் அந்த ஜேர்சி கட்டாயம் வேண்டும். பிரஷாந்தினி இரண்டு வருடமாக முயன்றவள். முதல் வருடம் செயின் அறுந்தது, அடுத்த வருடம் காய்ச்சல். பெண்கள் போட்டியில் ஒரு தடவையாவது ஓடிவிட வேண்டும் என்பது அவளுக்கு வெறி.

அன்று ஹப்புத்தளைப் பக்கம் நல்ல மூடுபனி. பெரகலை தாண்டியதும் சிதம்பரநாதனுக்குத் தொடை இரண்டும் கல்லாகிவிட்டன. மற்றவர்கள் எல்லாரும் முன்னால் போய்விட்டார்கள். இறங்கிவிடலாம் என்று நினைத்த நேரத்தில்தான் அந்தக் கொழுந்து லொறி முக்கி முனகிக்கொண்டு பக்கத்தில் வந்தது. பின்கதவுச் சங்கிலி ஒன்று தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. கை தானாகப் போய்ப் பிடித்தது என்று பிறகு தன்னிடமே சொல்லிக்கொண்டார். சும்மா சொல்லக் கூடாது, கை எங்கேயாவது தானாகப் போகுமா? கால் ஊன்றக் கூடாது என்பதுதானே சட்டம், கையால் பிடிக்கக் கூடாது என்று யார் சொன்னது என்று ஒரு வியாபாரக் கணக்கும் அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றத்தான் செய்தது.

லொறி இழுக்க இழுக்க அவர் போனார். யாரைக் கடந்தோம் என்றுகூடப் பார்க்கவில்லை. கண் சங்கிலியிலேயே இருந்தது. பெரிய வளைவில் லொறியின் பின்பக்கம் ஓரத்துக்கு ஒதுங்க, முன்சக்கரம் ரோட்டோரத் தண்ணீர்க் கான் விளிம்பில் இடித்து, சைக்கிள் சாய்ந்து, உயிர் போய் உயிர் வந்தது. அப்போதும் சங்கிலியை விடவில்லை. டவுனுக்கு முந்திய திருப்பத்தில்தான் விட்டார். தப்பில்லை என்றால் டவுன் வருமுன் ஏன் விட வேண்டும்? அதைக் கேட்க அங்கே ஆளில்லை.

ஹாஷிம் சேருக்கும் ரிஸ்காவுக்கும் அடுத்தபடி, மூன்றாவதாகப் போய்ச் சேர்ந்தார். ரிஸ்கா துள்ளிக் குதித்தாள். ஹாஷிம் சேர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"கால் ஊனினீங்களா, சிதம்பரம்?"

"இல்ல சேர்."

பொய்யா அது? கால் படவில்லைதான். ஆனால் சொன்ன மறுநிமிடமே அவருக்கு வாய் கசந்தது. பிறகு ரமேஸ் வந்தான். பனிக்குள் குண்டான் அண்ணே எப்போது தன்னைத் தாண்டினார் என்று வாயைப் பிளந்தான். கடைசியாகப் பிரஷாந்தினி வந்தாள். வழக்கமாக முதலில் வருகிறவள்.

"ஊனிட்டேன் சேர்," என்றாள்.

ஹாஷிம் சேருக்கு முகம் விழுந்துவிட்டது. "எங்க பிள்ளை?"

"பெரிய வளைவுல."

"ஏன்? சைக்கிள் கோளாறா?"

"இல்ல சேர். ஊனிட்டேன், அவ்வளவுதான்." தலையைக் குனிந்து ஹெல்மெட் பட்டியைக் கழற்றினாள்.

பெரிய வளைவு என்ற சொல் காதில் விழுந்ததும் சிதம்பரநாதன் சைக்கிளைத் துடைப்பது போலத் திரும்பிக்கொண்டார். பார்த்திருப்பாளோ? சிவப்பு ஜேர்சியை அவருக்குப் போட்டுவிட்டார்கள். வயிற்றில் இறுகியது. எல்லாரும் கை தட்டினார்கள். பிரஷாந்தினியும் தட்டினாள்.

அதற்குப் பிறகு அவர் பட்ட பாடு கொஞ்சமா? விஜயலெட்சுமி அந்த ஜேர்சியைத் துவைத்து, சட்டம் போட்டுக் கடையில் மாமனார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். வருகிறவர்கள் எல்லாரிடமும் கதை சொன்னாள். ரிஸ்கா ஆஸ்பத்திரியில் சீனி வருத்தக்காரர்களிடம், "பாத்திரக்கடை முதலாளியப் பாருங்க, ஹப்புத்தளை மலையையே ஏறிட்டார்," என்று சொல்லிப் புத்திமதி சொல்கிறாளாம். அதில் ஒரு கிழவர் கடைக்கே வந்து கும்பிட்டுவிட்டுப் போனார். சிதம்பரநாதன் கல்லாவுக்குப் பின்னால் கூனிக் குறுகிப்போனார். சொல்லிவிடலாம், அடுத்த ஞாயிறு சொல்லிவிடலாம் என்று நாலு ஞாயிறு போனது. சைக்கிள் ஓட்டும்போது பிரஷாந்தினிக்குப் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொண்டார். அவள் மட்டும் எப்போதும் போல, "தண்ணி இருக்காண்ணே?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நவம்பர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை ரிஸ்கா தட்டு வாங்கக் கடைக்கு வந்தாள்.

"தெரியுமா அண்ணன்? நம்ம பிரஷாந்தினி நாளைக்குக் கட்டுநாயக்காவுக்குப் போறாளாம். கார்மென்ட்ல வேலை. ஜேர்சி கிடைச்சிருந்தா போட்டி முடியும் வரைக்கும் இருந்திருப்பா."

அதைக் கேட்டதும் சிதம்பரநாதனின் நெஞ்சில் முதலில் வந்தது என்ன தெரியுமா? அப்பாடா என்ற நிம்மதி. பார்த்திருக்கக்கூடிய ஒருத்தி ஊரை விட்டுப் போகிறாள். அந்த நிம்மதி ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது. அடுத்த மூச்சில், சீ, நானும் ஒரு மனுஷனா என்று அவருக்கே அருவருத்துப்போனது. ரிஸ்கா போனதும் சட்டத்தை இறக்கினார், ஜேர்சியை உருவினார். பிறகு என்ன செய்தார் பாருங்கள்: கல்யாணப் பரிசு கட்டும் பூப்போட்ட தாளில் அதைச் சுற்றி, ரிப்பன் கட்டி எடுத்துக்கொண்டு போனார். வியாபாரி புத்தி! குற்றத்தைக்கூடப் பொட்டலம் கட்டித்தான் கொடுக்கத் தெரியும்.

போட்டோக்கொப்பிக் கடையில் அவள் தனியாக நின்று தாள் அடுக்கிக்கொண்டிருந்தாள். பொட்டலத்தை நீட்டினார். பிரித்துப் பார்த்தவள் மெதுவாகத் திரும்ப மடித்தாள்.

"எனக்கு எதுக்குண்ணே? நான் ஊனினேனே."

"நீ என்னைய அங்க பாத்தியாம்மா?" என்று கேட்டார்.

"பாத்தேன்." அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "லொறி என்னையத் தாண்டித்தான் போச்சு. வளைவுல நீங்க கான் பக்கம் சாஞ்சீங்க. பனியில ஒண்ணும் தெரியல. சக்கரத்துக்குள்ள போயிட்டீங்கன்னு நினைச்சு சைக்கிளைப் போட்டுட்டு ஓடி வந்தேன். பாத்தா, நீங்க சங்கிலியோட போய்க்கிட்டு இருக்கீங்க."

இயந்திரத்தில் கடைசித் தாள் வந்து விழுந்தது. இத்தனை நாளும் அவள் தன்னைப் பார்த்திருப்பாளோ என்றுதான் சிதம்பரநாதன் பயந்தார். தனக்காகத்தான் கால் ஊன்றினாள் என்று கனவில்கூட நினைக்கவில்லை.

"ஏன்மா சொல்லல? அங்கேயே சொல்லியிருக்கலாமே?"

"ஹாஷிம் சேர் கால் ஊனினியான்னுதானே கேட்டாரு. ஊனினேன்னு சொன்னேன்." தாளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "நீங்களே சொல்லுவீங்கன்னு நினைச்சேண்ணே."

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வந்துவிட்டார். மறுநாள் காலை பஸ்ஸில் அவள் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கமான தேத்தண்ணிக் கடையில் மூன்று பேரும் உட்கார்ந்திருக்கும்போது எழுந்து நின்று சொன்னார். "நான் லொறியைப் பிடிச்சுக்கிட்டு ஏறினேன்."

ரமேஸ் விழுந்து விழுந்து சிரித்தான். "லொறியிலயா? குண்டான் அண்ணே, டிக்கட் எடுத்தீங்களா?" விளையாடுகிறார் என்றே மற்றவர்களும் நினைத்தார்கள். சிதம்பரநாதன் ஜேர்சியை மேசைமேல் வைத்துவிட்டு, பெரிய வளைவில் நடந்ததையும் பிரஷாந்தினி ஏன் கால் ஊன்றினாள் என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். சிரிப்பு நின்றுவிட்டது. ரிஸ்கா பேரீச்சம்பழப் பையை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். அவரைப் பார்க்கவில்லை.

போட்டிக்குப் பெயர் கொடுக்க நாளைதான் கடைசி நாள். ஹாஷிம் சேர் போனை எடுத்து, பிரஷாந்தினியை அழைத்து, ஒலியைக் கூட்டி, மேசைமேல் வைத்தார்.

"பிள்ளை, சிதம்பரம் எல்லாத்தையும் சொல்லிட்டார். ஒரு உசிருக்காகக் கால் ஊனினா அது ஊனினதில்லை. ஜேர்சி உனக்குத்தான். பேர் கொடுக்கவா?"

அந்தப் பக்கம் பெண்கள் பேசும் சத்தமும் தட்டுக் கழுவும் சத்தமும் கேட்டன.

"இன்னைக்குக் காலையிலதான் கையெழுத்து வாங்கினாங்க சேர். மூணு மாசத்துக்கு லீவு இல்லையாம்." பிறகு, "போன ஞாயிறு தெரிஞ்சிருந்தாக்கூட சேர்ற நாளைத் தள்ளி வச்சிருப்பேன்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

ஹாஷிம் சேர் போனைச் சிதம்பரநாதன் பக்கம் தள்ளினார். "பேசுங்க."

கடையில் தேத்தண்ணி குடிக்க வந்தவர்கள், அதை ஊற்றுகிறவன், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க அந்தப் பெரிய மனிதர் போனுக்கு முன்னால் கைகட்டி நின்றார். கன்னத்தில் நீர் வழிந்தது.

"மன்னிச்சிரும்மா," என்றார்.

"ஐயோ, விடுங்கண்ணே." பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "வர்றேன்," என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டு, அவசரமாகப் பேசினாள். "அடுத்த ஒக்டோபர்ல அந்தப் பக்கம் போனா லொறி வர்றப்ப ஓரமா நின்னுருங்கண்ணே. கால் ஊனினாலும் பரவாயில்ல."