அந்தமானில் நின்றவள்

நேற்றுக் காலை வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தால், தெருவின் இரண்டு ஓரத்திலும் சுண்ணாம்புத் தூளில் கோடு போட்டிருந்தது. சாயங்காலம் சப்பரம் வருகிறதாம். நகராட்சி ஆள் ஒருவர் வாளியும் கையுமாக எங்கள் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தார். காற்றில் தூள் ஏறி எனக்குத் தும்மல் வந்தது. தும்மல் நின்ற பிறகும் அந்த வாசனை மூக்கை விடவில்லை. கோலப்பொடி டப்பாவை அப்படியே வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டேன். ஏன் என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு மூட்டு வலி என்றேன். இந்த வயதில் எந்தக் கேள்விக்கும் அந்தப் பதில் செல்லுபடியாகிறது.

தும்மல் எனக்குப் பழைய சொத்து. அருப்புக்கோட்டையில் அப்பாவுக்கு வத்தல் மல்லிக் கடை. வீடும் கடையும் ஒரே கட்டடம் என்பதால் என் சேலையெல்லாம் மிளகாய் நெடி அடிக்கும். எட்டரை மணி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருகிறவர்கள் இரண்டு நிறுத்தத்துக்குள் இடம் மாறிவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் வத்தல் டீச்சர். ஒல்லியாக வேறு இருந்தேன், இரண்டுக்கும் சேர்த்து வைத்தார்கள் போல.

தொண்ணூறுகளின் நடுவில் கிடைத்த முதல் வேலை அது. திருச்சுழிக்கு அங்கிட்டு ஒரு நடுநிலைப்பள்ளி. ஊர்ப் பெயர் வேண்டாம். இரண்டு ஓட்டுக் கட்டடம், ஒரு வேப்பமரம், சுற்றிப் பருத்திக் காடு. ஊர் ஒரு பக்கம், காலனி கம்மாய்க்கு அந்தப் பக்கம். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகத்தான் உட்காருவார்கள். மணி அடித்ததும் கம்மாய்க் கரையில் இரண்டாகப் பிரிந்து போவார்கள். சேர்ந்த புதிதில் அதைப் பார்த்து மனசு ஒரு மாதிரி இருந்தது. ஒரு மாதத்தில் பழகிவிட்டது. எனக்கு எதுவும் சீக்கிரம் பழகிவிடும்.

அந்த வருஷம் நம் பக்கமெல்லாம் சாதிக் கலவரம். பாதி நாள் பஸ் ஓடாது. பிள்ளைகளிடம் ஒற்றுமை உணர்வை வளர்க்க ஒருமைப்பாட்டு விழா நடத்தச் சொல்லி மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. பெரிய சார், அதாவது தலைமையாசிரியர், அதை என் மேசையில் வைத்துவிட்டு, “சின்ன வயசு, நீங்களே பாத்துக்கங்க டீச்சர்” என்று போய்விட்டார். எனக்கு ஒரே உற்சாகம். மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் இந்தியா வரைவது, மாநிலத்துக்கு ஒரு பிள்ளை அந்தந்த ஊர் உடுப்பில் உள்ளே நிற்பது, கடைசியில் எல்லோரும் கைகோர்த்துப் பாடுவது. இதுதான் திட்டம்.

உடுப்புக்கு எங்கே போவது? பஞ்சாபுக்காரனுக்குத் தாடி வேண்டும். பருத்திக்கா பஞ்சம்? சுளையைப் பிரித்து, கரிப்பொடியில் புரட்டி, கஞ்சிப் பசையில் ஒட்டினோம். அவன் விழா முடியும்வரை சொறிந்துகொண்டே இருந்தான். காஷ்மீருக்கு என் அம்மாவின் கம்பளி. அந்த வெயிலில் கம்பளியோடு நின்ற பிள்ளையை நினைத்தால் இப்போதும் பாவமாக இருக்கிறது.

படம் வரைவதில்தான் மாட்டிக்கொண்டேன். பள்ளியில் இருந்த ஒரே வரைபடத்தில் வடகிழக்கைக் கரையான் தின்றிருந்தது. நான் போட்ட இந்தியாவை எட்டாம் வகுப்பு முனீஸ்வரி இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலனிப் பிள்ளை.

“டீச்சர், கோவிச்சுக்கிடாதீக. குஜராத்து மாட்டுக் கொம்பு மாதிரி இருக்கு.”

“அப்ப நீ போடு பாப்போம்” என்று வாளியைக் கொடுத்தேன்.

போட்டாள். புத்தகம் பார்க்கவில்லை. கம்மாய் மணலில் குச்சியால் தினமும் போட்டுப் பார்ப்பாளாம். குனிந்தபடியே பின்பக்கமாக நடந்து, விரலிடுக்கில் தூளை விட்டுக்கொண்டே போனாள். கரையான் தின்ற அஸ்ஸாமும் மணிப்பூரும்கூட வந்துவிட்டன. “நானும் டீச்சராகி ஊரு ஊராப் போயி இப்பிடிப் போடுவேன்” என்றாள். முகமெல்லாம் சுண்ணாம்பு. கட்டாயம் ஆவாய் என்று நான் சொன்னேன், மனசாரத்தான் சொன்னேன்.

விழாவுக்கு முந்தின நாள் பெரிய சார் கூப்பிட்டார். “பெத்தவுக எல்லாம் வருவாக டீச்சர். யாரு கைய யாரு பிடிச்சாகன்னு ஒரு பேச்சு வந்துரக் கூடாது. காலம் சரியில்ல. யாரு பக்கத்துல யாருன்னு பாத்து நிறுத்துங்க.”

அவர் அவ்வளவுதான் சொன்னார். மீதி யோசனை என்னுடையது. யார் தலையிலும் அதை நான் இறக்கி வைக்க முடியாது. விழாவில் காலனிப் பிள்ளைகள் நான்கு பேர். இரண்டு பேரை லட்சத்தீவிலும் இரண்டு பேரை அந்தமானிலும் நிறுத்திவிட்டேன். தீவு கடலில் இருக்கிறது, யாரும் கைகோர்க்க வேண்டியதில்லை, யாரும் குறை சொல்லவும் முடியாது. அந்தமானில் என்ன உடுத்துவார்கள் என்று தெரியாததால் சீருடையிலேயே வரச் சொன்னேன். “நல்ல யோசன டீச்சர்” என்று பெரிய சார் சிரித்தார். எனக்கும் பெருமையாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது.

தீவுகளையும் முனீஸ்வரிதான் போட்டாள். “சின்னதா இருக்கே, ரெண்டு ஆளு நிக்கணும், பெருசாப் போடு” என்றேன்.

“அந்தமான் அம்புட்டுப் பெருசு இல்லையே டீச்சர்” என்று சொல்லிக்கொண்டே பெரிதாகப் போட்டாள். யார் நிற்கப் போகிறார்கள் என்று அவளுக்கு அப்போது தெரியாது. மறுநாள் காலை பட்டியலை வாசித்தபோதுதான் தெரிந்தது. போய் அந்தமானில் நின்றாள்.

கல்வி அதிகாரி ஒருவர் டவுனிலிருந்து வந்திருந்தார். ஊர்க்காரர்கள் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருக்க, காலனிக்காரர்கள் கிணற்றுப் பக்கம் வெயிலில் நின்றார்கள். கடைசிப் பாட்டு வந்தது. எல்லா மாநிலமும் கைகோர்த்தன. தீவுகளில் நான்கு பிள்ளைகள் கையைத் தொங்கப்போட்டபடி நின்றன. அதிகாரி படத்தைச் சுற்றி நடந்து பார்த்தார்.

“அச்சு அடிச்ச மாதிரி இருக்கே, யாரு போட்டது?”

நான் முனீஸ்வரியைக் காட்டினேன்.

“படம் போட்ட பிள்ளையப் போயி கடலுக்குள்ள நிறுத்திட்டீகளே” என்று அவர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். “வாம்மா, உள்ள வா, இவுக கையப் பிடிச்சுக்க.”

முனீஸ்வரி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் தலையை அசைத்திருந்தால் போதும், அவள் வந்திருப்பாள். பத்தடி தூரம்கூட இல்லை. நான் பெரிய சாரைப் பார்த்தேன், அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேப்பமரத்தடியில் சிரிப்பு நின்றுவிட்டது. நான் குனிந்து சேலை மடிப்பைச் சரிசெய்தேன்.

“இல்ல சார். டீச்சர் இங்கனதான் நிக்கச் சொன்னாக” என்றாள் முனீஸ்வரி.

அதிகாரிக்கு அடுத்த பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. கைதட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார். பிள்ளைகளுக்கு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தோம். அவளும் கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை வந்து பார்த்தால் இந்தியா அப்படியே இருந்தது. தீவுகள் இரண்டும்தான் இல்லை. காலால் தேய்த்து, மேலே மண்ணைத் தள்ளிவிட்டிருந்தது. “ஆடு கெடந்து மிதிச்சிருக்கும்” என்றார் பெரிய சார். ஆட்டுக்கு இவ்வளவு பூகோளம் தெரியுமா என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் என் தப்பைச் சொல்லிக்காட்டவே இல்லை. வேண்டுமென்றே கரும்பலகையில் குஜராத்தைக் கோணலாகப் போட்டுப் பார்த்தேன். நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டாள். என்னைக் கூப்பிட்டுவைத்துத் திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. எட்டாம் வகுப்பு முடிந்து சான்றிதழ் வாங்க வந்தபோது, திருச்சுழியில் ஒன்பதாம் வகுப்பு சேரச் சொன்னேன்.

“பாப்போம் டீச்சர்” என்றாள். சேரவில்லை. ராஜபாளையம் பக்கம் ஏதோ மில்லுக்குப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவள் வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கலாம். கம்மாய்க் கரையைத் தாண்டி நான் ஒருநாளும் போனதில்லை.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்கு அந்த வழியாகப் போனேன். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். பிள்ளைகள் வேனில் பாளையம்பட்டிப் பக்கம் இங்கிலீஷ் பள்ளிக்குப் போகிறார்களாம். ஓடு சரிந்து, மைதானம் முழுக்க சீமைக்கருவேலம். எந்த இடத்தில் இந்தியா இருந்தது என்று காரிலிருந்தே தேடிப் பார்த்தேன். வேப்பமரம் இல்லாமல் அடையாளம் தெரியவில்லை.

நேற்றுச் சாயங்காலம் சப்பரம் போய்விட்டது. தெருக்கோடு கூட்டத்தின் காலில் பட்டு அழிந்திருந்தது. இருட்டுவதற்கு முன் வாசலில் நின்று, யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்த பிறகு, ஒருமுறை தலையை அசைத்தேன். வா என்று. எவ்வளவு சுலபமாக இருந்தது.