கைப்பிடிக் கட்டை காய்வதற்குள்

நரம்பு நோயால் என் மனைவியின் வலது கை வலுவிழந்து வந்தது. கடைக் கத்திகளின் மெல்லிய பிடி அவள் கையில் நிற்கவில்லை. காய் நறுக்கும் வேலையை மட்டும் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன் என்றாள். பருத்த பிடியோடு நானே ஒரு கத்தி செய்யத் தொடங்கினேன். சப்பாத்தி மாவு உருண்டையை அவளை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, விரல் பதிந்த அளவுகளை மில்லிமீட்டரில் குறித்துக்கொண்டேன்.

கத்தியின் அலகை மே மாதத்திலேயே தீட்டி முடித்தேன். அதன் பின்பக்கம் நீளும் கம்பி போன்ற வால் பிடிக்குள் முழுக்க ஓடி, மறுமுனையில் வெளியே வர வேண்டும்; அந்த நுனியை ஆணித்தலை போல அடித்துப் பரப்ப வேண்டும். பிடிக்குக் கிடைத்தது, எஸ்டேட்டில் பிடுங்கிப்போட்ட தேயிலைச் செடியின் அடிக்கட்டை. ஈரக்கட்டையில் வாலை ஏற்றினால் பிறகு காயும்போது கட்டை சுருங்கி வெடித்துவிடும். கோத்தகிரி மழையில் எதுவும் எளிதில் காய்வதில்லை. கட்டையை விறகடுப்புக்கு மேலிருந்த பரணில் வைத்து, ஞாயிறுதோறும் எடைபோட்டு எழுதினேன்.

"ஏனுங்க, அந்தக் கட்டைக்கு இருக்கற கவனிப்பு எனக்கில்லீங்களே," என்று சிரித்தாள். "நானும் பரண்மேல ஏறி உக்காந்துக்கட்டுங்களா?"

ஈரம் வற்றி, மூன்று வாரம் எடை மாறாமல் நின்றபோது அக்டோபர் ஆகியிருந்தது. துளையிட்டு, வாலைச் செருகி, நுனியை அடித்து முடித்தேன். பிடி இம்மியும் ஆடவில்லை.

அவள் உள்ளங்கையில் வைத்தேன். விரல்கள் பாதிவரை மடங்கி நின்றுவிட்டன. இடது கையால் அவற்றை அழுத்திப் பார்த்தாள். கத்தி நழுவி, கேரட் வைத்திருந்த நறுக்குப் பலகையில் விழுந்தது.

அந்த ஐந்து மாதங்களில் அவள் கையை நான் மறுபடி ஒருமுறைகூட அளக்கவில்லை.

"நல்லாத்தானுங்க செஞ்சிருக்கீங்க," என்றாள். கேரட்டை என் பக்கம் தள்ளினாள். "நீங்களே நறுக்குங்க. பொடிசா."