மிளகாய் மெஷினை நிறுத்திவிட்டு ஜெபித்தேன்

உடன்குடிப் பக்கத்திலிருந்து வெறுங்கையோடு ராயபுரத்தில் வந்து இறங்கியவன் நான். மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஹார்பரில் மூட்டை சுமந்தேன். திருவொற்றியூரில் ரயில் பாதை ஓரமாக முள் மண்டிக் கிடந்த இடத்தை என் கையாலேயே வெட்டித் திருத்தி, மாவும் மிளகாயும் அரைக்கிற மெஷின் போட்டேன். அதை ஒட்டி வீடும் கட்டினேன். சபையாரே, நீங்கள் உட்கார்ந்திருக்கிற இந்த ஆலயத்தின் கூரை மரம்கூட என் தோளில் வந்ததுதான். இத்தனையும் செய்தவனைக் கர்த்தர் ஒரு சுவர் ஓரத்தில் மண்டியிட வைத்தார்.

அந்தச் சுவருக்கு ஒரு பக்கம் மெஷின். மறுபக்கம் என் மனைவி ஞானம்மாளின் கட்டில்.

வெள்ளைக்காரன் போன மறு வருஷம் அது. ரேஷன் கோதுமை அரைக்க விடிந்ததுமே ஜனம் வரிசை கட்டும். எண்ணெய் எஞ்சின் ஓடினால் சுவர் நடுங்கும், கட்டில் நடுங்கும். மிளகாய் நெடி, எஞ்சின் புகை, கூட்ஸ் வண்டிக் கரி எல்லாம் அந்த அறைக்குள்தான். அவளுக்கு முன்பே இரண்டு கரு தங்கவில்லை. இந்தத் தடவை ஏழாம் மாதம் வரை வந்துவிட்டாள். இருமி இருமி வயிறு இறுகிப் போகும். தூக்கம் இல்லை. சோறு இறங்கவில்லை.

குப்பத்தில் பிரசவம் பார்க்கிற கண்ணம்மா வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னா நைனா, எருமை கட்டுற கொட்டாயில கூட காத்து வரும். மெஷினுக்கு வேளா வேளைக்கு எண்ண வுடுற. பொஞ்சாதி மூச்சு வுட வாணாமா?"

எனக்குக் கோபம் வந்தது. நிறுத்தினால் ஜனம் வேறு மெஷினுக்குப் போய்விடும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அந்த வாரமே பிள்ளை அசைவது நின்றுவிட்டது.

ஞானம்மாள் அழவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயம். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு முழங்கால் போட்டேன். எனக்குத் தொண்டை பெரிது. மெஷின் சத்தத்தையும் மிஞ்சிக் கத்தினேன். ஆண்டவரே, இதையும் எடுத்துக்கொள்ளாதேயும் என்று கதறினேன். ஒன்றும் நடக்கவில்லை.

அவள் என் தலையைத் தொட்டாள். "ஏங்க, நீங்க செபிக்கது பக்கத்துல கெடக்க எனக்கே கேக்கல. அத நிப்பாட்டிட்டு செபிங்க."

எழுந்து போனேன். மிளகாய் பாதி அரைபட்டுக்கொண்டிருந்தது. எஞ்சினுக்கு எண்ணெய் போகிற குழாயை அடைத்தேன். சக்கரம் மெல்ல மெல்ல நின்றது.

"இன்னாயா, பாதில வுட்டா நாங்க வூட்ல இன்னாத்த ஆக்குறது?" என்று வரிசையில் நின்றவர்கள் ஏசினார்கள். கதவைச் சாத்தினேன்.

திரும்பி வந்து மண்டியிட்டேன். சத்தம் இல்லை. பிள்ளையைத் தாரும் என்று மெதுவாக ஒரு தடவை சொன்னேன். அவ்வளவுதான். ஞானம்மாள் கண்ணை மூடினாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு தூங்கினாள். பொழுது சாயும்போது விழித்து, என் கையை எடுத்து வயிற்றின் மேல் வைத்தாள். உள்ளிருந்து ஓர் உதை. தரையில் விழுந்து அழுதேன்.

மறுநாளே அவளைக் கண்ணம்மாவின் வீட்டில், கடல் காற்றில் கொண்டுபோய் வைத்தேன். அங்கேதான் என் மகள் பிறந்தாள். நோஞ்சான் பிள்ளை, ஆனால் அழுத குரல் அப்பனுடையது. மெஷினைப் பெயர்த்து மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோனேன். அங்கேயும் நன்றாகத்தான் ஓடுகிறது.

பட்டறையும் கரிக்கிடங்கும் வீட்டோடு வைத்திருக்கிற சகோதரர்களே, உங்கள் வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் முதலில் அவள் மூச்சு விட வழி செய்யுங்கள். பிறகு அவரை நம்பிக் கூப்பிடுங்கள். எனக்குச் செவிகொடுத்தவர் உங்களுக்கும் கொடுப்பார்.

உயிர் தந்தவர் கர்த்தர். மகிமை அவருக்கே. கண்ணம்மாவின் கைராசியையும் போதகர் பிரசங்கத்தில் சொல்கிறார், அதுவும் நியாயம். ஆனால் எஞ்சினை அணைக்கக் கர்த்தர் இறங்கி வரவில்லை, நான்தான் அணைத்தேன். இனிமேல் இந்தச் சாட்சியைச் சொல்லுகிறவர்கள் அதையும் என் பேரோடு சேர்த்துச் சொல்லவேண்டும்.