கடைக்குப் பிறந்த நாள்

தெருவில் அவளைச் சேனல்காரம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. சேனல் என்றதும் பெரிய டிவி நிலையம் என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டின் முன்னறையில் அவள் புருஷன் ஒரு ரிப்பேர்க் கடை வைத்திருந்தார். மிக்ஸி, ஃபேன், இஸ்திரிப்பெட்டி, வெந்நீர் ஹீட்டர், எது கெட்டாலும் அங்கே வரும். அந்தக் கடையின் பெயரில் இணையத்தில் ஒரு வீடியோச் சேனல் இருந்தது. அதை நடத்தியது அவள்.

அதை ஆரம்பித்த கதையே வேடிக்கை. ரிப்பேர்க்காரருக்கு வாய் ஜாஸ்தி. சும்மா ஜாஸ்தி இல்லை, ஓயாத வாய். மிக்ஸி ஏன் சூடாகிறது என்று போனில் யாராவது கேட்டால் போதும், மோட்டார் பிறந்த வரலாற்றிலிருந்து தொடங்குவார். சோறு ஆறிப்போகும். அடுத்த போன் வரும், மறுபடியும் அதே வரலாறு. உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டே இவள் அதையெல்லாம் மனப்பாடமே செய்துவிட்டாள். ஒருநாள் பொறுக்க முடியாமல், இதை ஒரே ஒரு தரம் போனுக்கு முன்னால் பேசித் தொலையுங்கள், நான் மேலே ஏற்றிவிடுகிறேன், கேட்கிறவர்களுக்கெல்லாம் லிங்க் அனுப்பிவிட்டு மனுஷன் மாதிரி உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்று சொன்னாள். ஆக, அவர் வாயைக் குறைக்கத்தான் சேனலே வந்தது.

மகள் கல்யாணமாகி வேறு ஊர் போவதற்கு முன் கணக்கு ஒன்றைத் திறந்து, கடையின் பெயரையே போட்டு, பலகையின் படத்தையும் ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். மற்றதை இவளே தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டாள். எங்கே வெட்டுவது, எங்கே ஒட்டுவது, எதை எல்லோருக்கும் காட்டுவது, எதை லிங்க் உள்ளவர்களுக்கு மட்டும் காட்டுவது என்று ஒவ்வொன்றாய்ப் பிடிபட்டது. தலைப்பு வைப்பதில் அவள் கெட்டிக்காரி. ஜனங்கள் எப்படிப் புலம்புவார்களோ அப்படியே வைப்பாள். ‘மிக்ஸி ஓடுது, ஆனா அரைக்கல.’ ‘ஃபேன் ராத்திரியில மட்டும் கத்துது.’ வீடியோக்களைக் கட்டுக்கட்டாகப் பிரித்து, ‘பயப்படாதீங்க’, ‘உடனே அணைங்க’, ‘தூக்கிப் போடுங்க’ என்று மூன்று வரிசையும் போட்டு வைத்திருந்தாள்.

படத்தில் அவர் முகம் வராது. கையும் ஸ்க்ரூ டிரைவரும்தான் தெரியும். ஆனால் குரல் இருக்கிறதே, அதைக் கேட்கத்தான் ஜனங்கள் வந்தார்கள். “கருகின வாசனை வந்தா கடவுளைக் கூப்பிடாதீங்க, முதல்ல சுவிட்சை அணைங்க” என்பார். கெட்டுப்போன மிக்ஸியே வீட்டில் இல்லாதவர்கள்கூடப் பார்த்துச் சிரித்தார்கள். திருடர்களும் வந்தார்கள். வீடியோவை அப்படியே உருவித் தங்கள் சேனலில் போட்டுக்கொள்ளும் பயல்கள். இவள் விடுவாளா? தேடித் தேடிப் புகார் கொடுத்து ஒவ்வொன்றையும் தூக்க வைத்தாள்.

அவள் போன் பழைய போன். நாலு வீடியோ எடுத்தால் இடமில்லை என்று மூச்சு முட்டும். மேலே ஏற்றியதும் போனில் இருப்பதை அழித்துவிடுவாள். மேலே போனால் பத்திரம் என்று நினைத்தாள். எல்லோரும் அப்படித்தானே நினைக்கிறோம்?

அப்புறம் அவருக்குத் தொண்டை கட்டியது. சளி என்றார்கள், கத்திக் கத்திப் பேசியதால் என்றார்கள். மாதக்கணக்கில் கஷாயமும் மாத்திரையுமாகப் போன பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் உள்ளே கட்டி என்றார்கள். உயிர் வேண்டுமானால் குரல்வளையை எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். பட்ட காலிலே படும் என்பார்களே, பேச்சே பிழைப்பாக இருந்த மனுஷனுக்கு அந்த இடத்திலேயே வந்தது வியாதி.

அவள் அழுதாள். அழுதுவிட்டு எழுந்து போனை எடுத்து வந்தாள். ஆபரேஷனுக்கு முந்தின வாரம் முழுக்க அவரைக் கடை மேஜைக்கு முன்னால் உட்கார வைத்துச் சின்னச் சின்னதாகப் பேச வைத்தாள். வாங்க, உக்காருங்க. நாளைக்கு வாங்க. இதுக்கு உசுரு இருக்கு, நான் பாத்துக்கறேன். இது தேறாது, புதுசு வாங்கிடுங்க. குரல் அப்போதே பாதி கரகரத்துப் போயிருந்தது, ஆனாலும் அது அவர் குரல். கடைசியில் வீட்டுக்கும் ஒன்று இருக்கட்டும் என்று அவராகவே சொல்லி, “ஏம்மா, வெளியில போனா ஃபேனை அணைக்க மாட்டியா?” என்று ஒரு திட்டையும் பேசி வைத்தார். இருவரும் சிரித்தார்கள். அவள் எல்லாவற்றையும் ஏற்றி, லிங்க் உள்ளவர்களுக்கு மட்டும் என்று பூட்டு வைத்து, கடை மேஜையில் ஒரு டேப்லெட்டை நிறுத்தி, விரல் வைத்தால் ஓடும்படி அடுக்கிக் கொடுத்தாள்.

கழுத்தில் ஒரு ஓட்டையோடு திரும்பி வந்தவர் அதை வைத்துத்தான் கடை நடத்தினார். யாராவது மிக்ஸியைக் கொண்டுவந்து வைத்தால் திறந்து பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், அப்புறம் டேப்லெட்டைத் தொடுவார். அவருடைய பழைய குரல் பேசும். நீளமாகச் சொல்ல வேண்டியிருந்தால் சேனல் வீடியோவையே ஓட்டிக் காட்டுவார். முதலில் ஜனங்களுக்கு ஒரு மாதிரியாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. ஒரு தரம் பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் வந்து உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். இவர் யோசித்துப் பார்த்து, ‘இது தேறாது, புதுசு வாங்கிடுங்க’ என்பதைத் தட்டிவிட்டார். வந்தவர் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றார். உள்ளே இவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குரல் போனால் போகட்டும், மனுஷன் போகவில்லை, இதோ இருக்கிறார் என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றியது.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு காலை திரையில் ஒரு கேள்விக் கட்டம் வந்தது. போனில் சேனலைத் திறந்தால், மேலே கடைப் பலகையின் படம், அதன் கீழே கடையின் பெயர், அதன் கீழே ‘உங்கள் பிறந்த தேதியை உள்ளிடவும்’. அதை நிரப்பாமல் உள்ளே விடவில்லை. அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். மற்ற கடைகளின் பக்கங்களில் பிறந்த நாள் என்றால் பலூன் பறக்கிறது, வாழ்த்துக்கள் குவிகின்றன. நம் கடைக்கும் வரட்டுமே, அவர் பார்த்துச் சந்தோஷப்படுவாரே என்று நினைத்தாள். கடை திறந்த தேதியைப் போட்டாள். வருஷமும் கேட்டது, அதையும் போட்டாள். கடைக்கு அப்போது பன்னிரண்டு வயது நடந்துகொண்டிருந்தது.

‘இந்தச் சேவையைப் பயன்படுத்தும் வயதை நீங்கள் எட்டவில்லை. உங்கள் கணக்கு நிறுத்தப்பட்டுள்ளது.’

அவள் சிரித்துவிட்டாள். ஐம்பதைத் தாண்டியவளைப் பார்த்துச் சின்னப் பிள்ளை என்கிறதே என்று சிரித்தாள். அதற்குள் கடையிலிருந்து அவர் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். விரலால் தட்டிக் காட்டினார். இந்த வீடியோ கிடைக்கவில்லை. அடுத்ததைத் தட்டினார், அதுவும் கிடைக்கவில்லை. வாங்க, உக்காருங்க கிடைக்கவில்லை. நாளைக்கு வாங்க கிடைக்கவில்லை. வெளியே ஒரு அம்மா மிக்ஸியோடு நின்றுகொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் இவள் சிரிப்பு நின்றுவிட்டது.

மகளுக்குப் போன் போட்டாள். நடந்ததையெல்லாம் சொன்னாள்.

“அம்மா, அது கடையோட பிறந்த நாளைக் கேக்கலம்மா. உன்னோடதைக் கேட்டிருக்கு.”

“கடை பேரைப் போட்டுத்தானேடி கேட்டுச்சு? என் பேரைப் போட்டுக் கேட்டிருந்தா நான் என் தேதியைச் சொல்லியிருக்க மாட்டேனா?”

மகள் விதிகளைத் தேடிப் படித்துச் சொன்னாள். பதின்மூன்று வயதுக்குக் கீழே யாரும் கணக்கு வைத்திருக்கக் கூடாதாம், அது சட்டமாம். அடுத்த வருஷம் கேட்டிருந்தால் கடை தப்பித்திருக்கும்.

ஒரு மாதத்துக்குள் அடையாள அட்டையைக் காட்டினால் திருப்பித் தருவோம் என்றிருந்தது. கணக்கில் உள்ள பெயரும் அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றும் இருந்தது. கணக்கில் இருப்பது கடையின் பெயர். கடைக்கு எவன் அடையாள அட்டை கொடுப்பான்? அவள் தன் அட்டையை அனுப்பினாள், ஏற்கவில்லை. அவருடையதை அனுப்பினாள், ஏற்கவில்லை. கடை உரிமப் பத்திரத்தில் கடையின் பெயர் இருக்கிறதே என்று அதை அனுப்பினாள். அதில் புகைப்படம் இல்லை என்று திருப்பிவிட்டது. அனுப்பிய கை கீழே இறங்குவதற்குள் பதில் வந்துவிடும். அந்தப் பக்கம் மனுஷன் இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. மனுஷன் என்றால் காலைப் பிடிக்கலாம், கையைப் பிடிக்கலாம், வாசலில் உட்கார்ந்து அழலாம். இதற்கு ஏது காலும் கையும்?

பேசுவதற்கு ஒரு நம்பராவது இருக்கிறதா என்று மகளும் மாப்பிள்ளையும் தேடினார்கள். இல்லை. ஒரே ஒரு கட்டம் இருந்தது, அதில் உங்கள் நிலையை விளக்கவும் என்றிருந்தது. அவள் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து எழுதினாள். என் வீட்டுக்காரருக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகிவிட்டது, இனி அவரால் பேச முடியாது, அவர் பேசினது எல்லாம் உங்களிடம்தான் இருக்கிறது, சேனல் வேண்டாம், பார்க்கிறவர்களும் வேண்டாம், அந்தக் குரலை மட்டும் கொடுத்துவிடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும் என்று எழுதினாள். பதில் உடனே வந்தது. உங்கள் வயதைப் பகிர்ந்ததற்கு நன்றி, உங்கள் பெற்றோரின் உதவியோடு சிறுவர் கணக்கு ஒன்றைத் தொடங்கலாம் என்றது. அவள் அப்பனும் ஆத்தாளும் போய்ச் சேர்ந்து எத்தனை காலமாயிற்று. செவிடன் காதில் ஊதிய சங்கு என்றால்கூட, அந்தச் செவிடன் ஒரு தரமாவது திரும்பிப் பார்த்திருப்பான்.

அந்த நாட்களில் கடையில் அவர் கைச்சைகை காட்டினார், ஒரு சின்னப் பலகையில் சாக்பீஸால் எழுதினார். எழுத்து அவருக்குச் சுருக்கமாக வராது. வளவளவென்று எழுதத் தொடங்கி, வந்தவர்கள் பொறுமையிழந்து நெளிவதைப் பார்த்துப் பாதியில் அழித்துவிடுவார். இவள் மேல் ஒரு கோபமும் காட்டவில்லை. அதுதான் அவளைக் கொன்றது. ஒரு சாயங்காலம் அவர் முன்னால் போய் நின்று, “என்னை ஏதாவது சொல்லுங்களேன். நான்தானே கெடுத்தேன்?” என்றாள். அவர் கையை விரித்தார். எதை வைத்துச் சொல்வது என்று கேட்டதுபோல் இருந்தது. அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

கெடு முடிந்த அன்று, உங்கள் கணக்கும் அதிலுள்ள அனைத்தும் நிரந்தரமாக நீக்கப்பட்டன என்று தகவல் வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். அவரிடம் காட்டினாள். அவர் படித்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினார்.

அவள் மட்டும் விடவில்லை. தெரிந்தவர்களை எல்லாம் கேட்டாள், வாடிக்கைக்காரர்களை எல்லாம் கேட்டாள், யாராவது ஒரு வீடியோவை இறக்கி வைத்திருக்கிறீர்களா என்று. எல்லோரும் ஒன்றையேதான் சொன்னார்கள். “உங்க சேனல்லதான் எப்பவும் இருக்கேன்னு இறக்கலம்மா.” அப்புறம் அவளுக்குத் திருடர்கள் ஞாபகம் வந்தார்கள். ஓடிப் போய்த் தேடினாள். அவர் குரலோடு இருந்த ஒவ்வொரு திருட்டு வீடியோவும் அவள் கையாலேயே தூக்கப்பட்டிருந்தது. ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை. பொறுப்பு என்றால் அவ்வளவு பொறுப்பு. பாவி, ஒரு திருடனையாவது பிழைக்க விட்டிருக்கக் கூடாதா என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

ஒன்று அகப்பட்டது. எங்கோ எவனோ போட்டிருந்தான். அவர் கை, அவர் மேஜை, மோட்டாரின் கருகிப்போன கம்பிச்சுருள் ஒன்றைப் பிரித்துக் காட்டும் அவருடைய வீடியோ. ஒலியைக் கூட்டினாள். குரல் வேறு. திருட்டுப் பயல் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று இவர் குரலை எடுத்துவிட்டுத் தன் குரலை ஏற்றியிருந்தான். பேச்சு மட்டும் இவர் பேசியதேதான், சிரிக்கும் இடத்தில் சிரிப்புகூட வைத்திருந்தான். குரல் மாறியிருந்ததால்தான் அன்றைக்கு இவள் கண்ணில் படாமல் தப்பியிருக்கிறது.

காட்டலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் உள்ளுக்குள்ளேயே மென்றுவிட்டு, கடைசியில் டேப்லெட்டில் ஓட்டிக் காட்டினாள். அவர் தலையைச் சாய்த்து முழுசும் கேட்டார். கேட்டுவிட்டுப் பலகையை எடுத்து, “சரியாத்தான் சொல்றான்” என்று எழுதினார். டேப்லெட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், பழைய இடத்திலேயே நிறுத்தி வைத்தார்.

மறுநாள் பக்கத்துத் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு அம்மா மிக்ஸியோடு வந்தாள். அவர் திறந்தார், முகர்ந்தார், டேப்லெட்டைத் தொட்டார். அந்த எவனோ பேசினான். அந்த அம்மா ரசித்துக் கேட்டாள், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். அவர் கழுத்தில் கட்டியிருந்த துணியை அப்புறம்தான் கவனித்தாள் போலிருக்கிறது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, உள்வாசலில் நின்ற இவளிடம் கேட்டாள்.

“நல்ல கணீர்னு இருக்கே. இதுதான் இவர் குரலா?”

அவர் திரும்பி இவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஆமாங்க,” என்றாள் சேனல்காரம்மா. “இவர் குரல்தான்.”