அண்ணன் கால் வைக்காத அறை

அண்ணன் செத்துச் சில வருஷம் கழித்து, அறுபதுகளில், ஸ்ரீரங்கத்தில் நாங்கள் பிறந்து வளர்ந்த வீட்டை அவர் பேரில் நினைவு இல்லம் ஆக்கினார்கள். அண்ணன் பெரிய எழுத்தாளர். நான் அவருக்கு ஒரே தங்கை. திறப்பு விழாவுக்கு எனக்குத் தகவல் இல்லை. ஆள் அனுப்ப முடியாமல் போயிற்று என்று அண்ணி பிறகு சொன்னாள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் உறையூரில்தான் நான் இருந்தேன்.

கூப்பிடாத இடத்துக்கு நான் போகிறவள் இல்லை. ஆனால் அந்த வீட்டில் அம்மாவுக்கு என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் இருக்க மனசு கேட்கவில்லை. அம்மாவை யாரும் போட்டோ எடுத்ததில்லை. பேரையாவது எங்கேயாவது எழுதியிருப்பார்கள் என்று நினைத்தேன். ஒரு நாள் மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

கூடத்தில் அண்ணனுடைய மூக்குக்கண்ணாடி, பேனா, பொன்னாடை, மாலை போட்ட படம். அப்பாவுக்கும் ஒரு படம் இருந்தது. அடியில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி நானே படித்தேன். சுவர் சுவராகப் பார்த்துக்கொண்டு போனேன். அம்மா இல்லை.

சுற்றிக்காட்ட ஒருவர் இருந்தார். நான் யாரென்று சொல்லிக்கொள்ளவில்லை. கொல்லைப்புறத்து அறைக்குக் கூட்டிப்போய், செருப்பை வெளியே விடச் சொன்னார். உள்ளே எழுத்து மேசை, எரிகிற குத்துவிளக்கு, அண்ணன் படம். ஐயா சின்ன வயசில் தனிமை தேடி இங்கேதான் வந்து உட்காருவார், முதல் கதை இங்கேதான் பிறந்தது என்றார். எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள்.

அது தூரமான பெண்கள் ஒதுங்குகிற அறை. மாதா மாதம் அம்மா அங்கேதான் கிடப்பாள். பாய், தட்டு, சொம்பு எல்லாம் தனி. சோற்றைத் தள்ளி நின்று போடுவார்கள். நான் பெரியவளானதும் பள்ளிக்கூடத்தை நிறுத்தி என்னையும் அங்கேதான் உட்கார வைத்தார்கள். பிள்ளைப்பேறும் அங்கேதான். கடைசிப் பிரசவத்தில் அம்மா உயிர் போனதும் அந்தத் தரையில்தான்.

அண்ணன் அந்தப் பக்கம் கால் வைத்ததே கிடையாது. எங்கள் பாய் காலில் பட்டுவிட்டது என்று காவிரிக்குப் போய் முழுகிவிட்டு வந்த பிள்ளை அவர். கதை எழுதியதெல்லாம் கூடத்து ஊஞ்சலில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு. அம்மா முகத்தைக்கூட, கூடத்துக்குத் தூக்கிவந்து கிடத்திய பிறகுதான் பார்த்தார்.

அண்ணி பக்கத்துத் தெருவில் இருந்தாள். நேரே அங்கே போனேன். எந்த அறையில் எழுதினார் என்று கமிட்டிக்காரர்கள் கேட்டார்களாம். ஒரே ஜன்னல், வெளியே வாழை, சத்தம் கிடையாது, இதுவாகத்தான் இருக்கும் என்று அவர்களே முடிவு கட்டினார்களாம். இவள் தலையாட்டியிருக்கிறாள். கல்யாணமாகி வந்து வருஷக்கணக்கில் அண்ணியும் அங்கே ஒதுங்கினவள்தான்.

“தெரிஞ்சேதான் தலையாட்டினீங்களா அண்ணி?”

“பின்னே? அத்தனை ஆம்பளைங்க முன்னாடி அது என்ன ரூம்னு சொல்லச் சொல்றியா? உனக்கு வாய் வரும். எனக்கு வராது.”

சரி, அது என்ன அறை என்று சொல்லவே வேண்டாம் என்றேன். வாசலில் ஒரு பலகையில் அம்மா பேரைப் போட்டு, அவள் உயிர் போன இடம் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், போதும் என்றேன். அதைக் கேட்கத்தான் குரலைத் தணித்துக்கொண்டேன். நான் யாரிடமும் அப்படிக் கேட்கிறவள் இல்லை.

“செத்த எடம்னு எழுதி வெச்சா எவ வந்து கும்பிடுவா? நாலு எழுத்துப் படிச்சிருந்தா உனக்கே இது புரியும்” என்றாள் அண்ணி.

சாப்பிட இலை போட்டிருந்தாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் மகளை இழுத்துக்கொண்டு இறங்கினேன்.

பஸ் காவிரிப் பாலம் ஏறியது. மகள், “விடும்மா, கும்பிடறவங்க எல்லாரும் அம்மாச்சியைத்தான் கும்பிட்டுட்டுப் போறாங்கன்னு நெனச்சுக்கயேன்” என்றாள். அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். எனக்கு ஆறவில்லை. யாருக்கு என்று தெரியாமல் போடுகிற கும்பிடு அம்மாவுக்கு எப்படிப் போய்ச் சேரும்? அதுவும் அண்ணனுக்குத்தான் போகிறது.

ரங்கநாதரைச் சேவிக்க அதன் பிறகும் போயிருக்கிறேன். அந்த வீடு இருக்கிற தெருவில் மட்டும் நடந்ததில்லை. அண்ணி காரியத்துக்குப் போனபோதும் வெயிலில் வேறு தெரு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போனேன்.