சொந்தக்காரர் இல்லாத தீவு

இல்லை, கடலில் இல்லை. சாந்தி அக்கா இறந்தது நோர்பரியில், தன் வீட்டு வரவேற்பறையில், தேநீர் ஆறுவதற்குள். மாரடைப்பு. காலையில் நான் எங்கள் விமான டிக்கெட் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது அவர் கணவர் தேவன் அண்ணை அழைத்தார். "தம்பி, அக்கா இண்டைக்கு வரமாட்டா." காய்ச்சலாக்கும் என்று நினைத்து, "பரவாயில்லை, நான் பாக்கிறன்" என்றேன். அவர் போனை வைக்கவும் இல்லை, பேசவும் இல்லை. அப்போதுதான் விளங்கியது.

செத்தவீட்டில் பலர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "அவர் கப்பலிலை கூட்டிக்கொண்டு போய் அலைச்சதாலைதானே?" தேவன் அண்ணையின் காதில் விழும்படியே கேட்டார்கள். அக்கா கரீபியனிலிருந்து திரும்பி இரண்டு மாதம் நன்றாகத்தான் இருந்தார். போகும் இடத்தைத் தேர்ந்தவரும் அவரேதான். பக்கத்து மேசையிலிருந்து பார்த்தவன் நான். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் கடையில் டிக்கெட் போட்ட எல்லோருக்கும் அக்காவின் முதல் கேள்வி தெரியும். "ஆரிட்டைப் போறியள்?" எந்த ஊர் என்று கேட்கமாட்டார். தேவையும் இல்லை. டொராண்டோ என்றால் தம்பி வீடு, பாரிஸ் என்றால் மாமி வீடு. போய், ஒரு வாரம் ஆட்டிறைச்சிக் கறி சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவார்கள். அக்காவும் அப்படித்தான் போய் வந்தார். அவர் வீட்டிலும் கல்யாணமான நாள் முதல் யாராவது தங்கியிருந்தார்கள். விசா கிடைக்கும்வரை ஒருவர், வேலை கிடைக்கும்வரை இன்னொருவர். "நாங்கள் ரெண்டு பேரும் தனிய இருந்து ஒரு நேரம் சாப்பிட்டதில்லை" என்றார் ஒருநாள். புகார் இல்லை. விமான நேரம் சொல்கிற அதே குரல்.

கடைசியாகத் தங்கியிருந்தவர்களும் வீடு வாங்கிப் போன பிறகு, கரீபியன் வரைபடத்தை மேசையில் விரித்தார். பாய்மரப் படகு, ஒரு வாரம், அவர்கள் இருவர் மட்டும்.

"ஹோட்டல் மலிவாக் கிடக்கே, அக்கா?"

"ஹோட்டலுக்கு ஆராவது சமைச்சுக் கொண்டு வந்திடுவினம். கடலுக்குள்ளை ஆரடா சட்டியோடை வாறது?"

முதலில் வேர்ஜின் தீவுகளைக் காட்டினேன். தீவுகள் கிட்டக் கிட்ட, அலை குறைவு, முதல் தடவை போகிறவர்களுக்குச் சுகம். மறுநாள் அதை வெட்டிவிட்டார். தேவன் அண்ணையின் மச்சாள் மகள் அங்கே கணக்காளராம். அன்ரிகுவாவில், கோலியர்ஸ் வுட்டில் இருக்கும் எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் மகன் டொக்டருக்குப் படிக்கிறான். கிரெனடாவிலும் அதே கதை, அங்கே அக்காவுக்கு மகள் முறையான ஒரு பெறாமகள்.

"இதுகளுக்குப் படிக்க வேறை இடம் இல்லையே! உன்னைப் போலை பாதியிலை விட்டிட்டு வந்திருந்தால் எனக்கு எவ்வளவு உதவி."

பல்கலைக்கழகத்தை விட்டதற்கு எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

மிஞ்சியது செயின்ட் வின்சென்ட்டிலிருந்து தெற்கே இறங்கும் குட்டித் தீவுகள். திறந்த கடல், காற்றுப் பலம், படகு ஆடுகிற ஆட்டத்தில் வயிற்றைப் புரட்டி நிச்சயம் சத்தி வரும் என்று எச்சரித்தேன்.

"அங்கை ஆர் இருக்கினம்?"

"தேடிப் பாத்திட்டன். ஒருத்தரும் இல்லை."

"போடு."

சூறாவளிக் காலத்தைத் தவிர்த்து பெப்ரவரியில், படகு ஓட்ட ஓர் ஆளோடு சேர்த்துப் போட்டேன்.

திரும்பி வந்ததும் எப்படி என்று கேட்டேன்.

"முதல் ரெண்டு நாள் என்ன கதைக்கிறதெண்டே தெரியேல்லை. மூண்டாம் நாள் நல்லாச் சண்டை பிடிச்சம். வீட்டிலை ஆக்கள் இருக்கினம் எண்டு இவ்வளவு காலமும் பிடிக்காமல் விட்ட சண்டை எல்லாம். படகு ஓட்டினவன் பயந்து போனான்."

"பிறகு?"

"பிறகு அவர் மீன் பொரிச்சார். அவருக்கு மீன் பொரிக்கத் தெரியுமெண்டு எனக்குத் தெரியாதடா."

செத்தவீட்டில் நீங்கள் அலைச்சல் என்று சொன்னது இதைத்தான்.

இப்போது தேவன் அண்ணையை டொராண்டோவுக்கு, அவர் தம்பி வீட்டுக்கு அனுப்புவதென்று சொந்தக்காரர் எல்லோரும் முடிவெடுத்துவிட்டார்கள். தனியாக இருக்கக் கூடாதாம். டிக்கெட் போட இன்று வருவார் என்று எனக்குத் தகவல் சொன்னவர்களும் அவர்கள்தான்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவருடைய மேசையும் அந்த முதல் கேள்வியும். அந்த மேசைக்கு முன்னால் இருந்துதான் இதை எழுதுகிறேன். கேள்வியை இன்று கேட்கமாட்டேன். எங்கை போக விருப்பம் அண்ணை என்று மட்டும் கேட்பேன். வரைபடத்தை விரித்து வைத்திருக்கிறேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறார். தனியாகத்தான். நான் போகவேண்டும்.